லாரி பாரமும் நெடுஞ்சாலைப் பாலமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலத்தில் சென்சார் பொருத்துகிறார்கள் என்று செய்தி வந்தால் இரண்டு வகைப் பேச்சு கிளம்பும். "இனிமேல் பாலம் விழவே விழாது" என்பது ஒன்று. "எல்லாம் கணக்குக் காட்டும் வேலை" என்பது இன்னொன்று. இரண்டும் சரியில்லை. கேட்கப்படும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

பக்கத்தில் டாரஸ் லாரி போனாலே பாலம் ஆடுகிறது. பயப்பட வேண்டுமா?

ஆடினால் பயமில்லை. பாரம் ஏறினால் பாலம் வளையத்தான் வேண்டும்; வளைந்துவிட்டுப் பழைய இடத்துக்குத் திரும்பவும் வேண்டும். 30 மீட்டர் நீளமுள்ள ஒரு கண் (இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதி) நொடிக்கு மூன்று, நான்கு தடவை அதிரும். நெரிசலில் நடுக்கண்ணில் நிற்கும் பஸ்ஸில் இருப்பவருக்கும், நடந்து போகிறவருக்கும் இது நன்றாகத் தெரியும். ஓடுகிற காரில் இருப்பவருக்குத் தெரியாது. அதனால்தான் பல பேர் முதல் முறை உணரும்போது பதறிப்போகிறார்கள்.

பயப்பட வேண்டியது மாற்றத்துக்கு. போன வருஷம் இல்லாத ஆட்டம் இந்த வருஷம் இருக்கிறதா, ஆடியது அடங்க முன்பைவிட நேரம் பிடிக்கிறதா, இணைப்பைத் தாண்டும்போது புதிதாக "தடக்" என்று சத்தம் வருகிறதா? கண்காணிப்பு என்பதே இந்தக் கேள்விகளை எண்களாக்கிக் கேட்பதுதான்.

எந்தெந்தக் கருவியை எங்கே பொருத்துகிறார்கள்?

கர்டரின் (தளத்தைத் தாங்கும் நீள உத்தரம்) அடிப்பக்கத்தில், கண்ணின் நடுவில், ஸ்ட்ரெய்ன் கேஜ். லாரி ஏறும்போது அந்த இடம் எவ்வளவு இழுபடுகிறது என்று அது சொல்லும். தளத்தில் அதிர்வுமானிகள். பேரிங் (தூணுக்கும் கர்டருக்கும் நடுவே, நகர இடம் கொடுக்கும் தாங்கி) அருகில் இடப்பெயர்ச்சி அளக்கும் கருவி, தூண் தலையில் சாய்வுமானி, ஏற்கெனவே விரிசல் இருந்தால் அதன் குறுக்கே ஒரு விரிசல் அளவி. பிரிஸ்ட்ரெஸ் கம்பிகள் (கான்கிரீட்டை இறுக்கிப் பிடிக்க இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பிகள்) உள்ளே அறுபடுகிறதா என்று சந்தேகம் இருந்தால், கம்பி அறும் ஒலியைக் கேட்கும் ஒலி சென்சார்களும் உண்டு. இவை எல்லாவற்றோடும் கட்டாயம் வெப்பமானி வேண்டும். அதை விட்டுவிட்டால் மற்றவை கொடுக்கும் எண்களுக்குப் பொருளே இல்லை.

வெப்பமானி எதற்கு? அளக்கப் போவது லாரியைத்தானே?

இதற்குக் கொஞ்சம் கணக்கு போட வேண்டும். ஒரு கிலோமீட்டர் நீளக் கம்பியை ஒரு மில்லிமீட்டர் இழுத்தால் வரும் திரிபுக்கு ஒரு மைக்ரோஸ்ட்ரெய்ன் என்று பெயர். நல்ல நிலையில் உள்ள ஒரு கான்கிரீட் கர்டரில் பாரம் ஏற்றிய லாரி உண்டாக்குவது பெரும்பாலும் சில பத்து மைக்ரோஸ்ட்ரெய்ன். வெயில் என்ன செய்கிறது? எஃகோ கான்கிரீட்டோ ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய 10 முதல் 12 மைக்ரோஸ்ட்ரெய்ன் விரியும். விடியற்காலைக்கும் உச்சி வெயிலுக்கும் இடையில் பாலத்தின் உடம்பு 15 டிகிரி ஏறினாலே லாரியின் கணக்கு அதில் மூழ்கிப்போகும். 40 மீட்டர் எஃகு கர்டர் ஒன்று 30 டிகிரி வித்தியாசத்தில் 14 மில்லிமீட்டர் நீளும்.

நல்லவேளையாக வெயில் மெதுவாக வேலை செய்கிறது, லாரி சட்டென்று. 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி 30 மீட்டர் கண்ணை இரண்டு நொடிக்குள் தாண்டிவிடும். வெப்ப வரைபடம் மணிக்கணக்கில் ஏறி இறங்கும் மேடு என்றால், லாரி அதன் மேல் குத்தி நிற்கும் முள். அதைத் தனியே பிரித்தெடுக்கலாம். பேரிங் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தால் அதைக் காட்டிக்கொடுப்பதும் இந்த வெயில்தான். நீள வேண்டிய 14 மில்லிமீட்டர் நீளாமல் நின்றால், அந்த விசை தூணின் தலையில் போய் விடியும்.

பாலம் பலவீனமானால் அதிர்வெண் (நொடிக்கு எத்தனை தடவை அதிர்கிறது என்ற எண்) குறையும் என்கிறார்களே, அதை மட்டும் பார்த்தால் போதாதா?

கோட்பாட்டளவில் சரி. விறைப்பு, அதாவது வளையாமல் எதிர்க்கும் திறன், 10 சதவீதம் குறைந்தால் அதிர்வெண் சுமார் 5 சதவீதம் குறையும். சிக்கல் என்னவென்றால், சேதமே இல்லாமல் அதே அளவு மாற்றம் வெயிலாலும் குளிராலும் வந்துவிடுகிறது.

சுவிட்சர்லாந்தில் இசட்-24 என்று ஒரு நெடுஞ்சாலை மேம்பாலம் இருந்தது. இடிக்கப்போகிற பாலம் என்பதால் ஆய்வாளர்களுக்கு விட்டுக்கொடுத்தார்கள். 1997-98-இல் ஏறக்குறைய ஒரு வருடம் அளந்தார்கள். அப்புறம் வேண்டுமென்றே ஒரு தூணைச் சில சென்டிமீட்டர் கீழே இறக்கினார்கள், பிரிஸ்ட்ரெஸ் கம்பிகளை அறுத்தார்கள், ஒவ்வொன்றுக்கும் பாலம் என்ன சொல்கிறது என்று கேட்டார்கள். உறைபனிக் காலத்தில் மேலே இருந்த தார்த் தளம் கெட்டியாகி அதிர்வெண் எகிறிவிட்டது! வெப்பநிலையைக் கழிக்காமல் பார்த்தால் பாலம் குளிர்காலத்தில் வலுத்துக் கோடையில் நோயுற்றது போலத் தெரியும். இந்தத் துறைக்கு வருபவர்கள் இன்றும் இந்தப் பாலத்தின் தரவை வைத்துத்தான் கை பழகுகிறார்கள்.

அதிர்வெண் பாலம் முழுமைக்கும் பொதுவான எண். ஒரு மூலையில் ஒரு வெல்டிங்கில் விரிசல் விட்டால் அந்த எண் அசையவே அசையாது.

லாரியின் எடை தெரியாமல் சென்சார் எண்ணை எப்படிப் புரிந்துகொள்வது?

என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்தில் இதுதான் முக்கியமான கேள்வி. இன்றைக்குத் திரிபு 10 சதவீதம் கூடியிருக்கிறது என்று வையுங்கள். பாலம் இளைத்ததாலா, அல்லது பக்கத்தில் புதிதாக ஒரு குவாரி திறந்து ஜல்லி லாரிகள் அதிக பாரத்தோடு வருவதாலா? சென்சார் மட்டும் இருந்தால் இதற்குப் பதிலே கிடையாது.

ஒரு வழி, எடை தெரிந்த லாரியை ஓட்டிப் பார்ப்பது. ஒவ்வொரு அச்சையும் எடை மேடையில் எடை போட்டு, இரவில் போக்குவரத்தை நிறுத்திவிட்டு, முதலில் ஆமை வேகத்திலும் பிறகு வழக்கமான வேகத்திலும் ஓட்டுவார்கள். ஆமை வேக அளவுக்கும் ஓட்ட வேக அளவுக்கும் உள்ள வித்தியாசம் தாக்க விளைவு. நம் ஐ.ஆர்.சி. (இந்தியச் சாலைகள் காங்கிரஸ்) விதிப்படி 'ஏ' வகுப்புச் சுமைக்கு (வடிவமைப்புக்காகக் கணக்கில் கொள்ளும் ஒரு வண்டித் தொடர்) 30 மீட்டர் கான்கிரீட் கண்ணில் வடிவமைப்பவர்கள் கூட்டிக்கொள்ளும் தாக்க விகிதம் 12.5 சதவீதம். பாலத்தின் வாசலில் தார் பள்ளம் விழுந்திருந்தால் குறுகிய கண்களில் தாக்கம் அந்தக் கணக்கையும் தாண்டக்கூடும். பல இடங்களில் பாலத்துக்குச் செய்யக்கூடிய மிக மலிவான வைத்தியம் அந்தப் பள்ளத்தை மூடுவதுதான்.

இன்னொரு வழி கெட்டிக்காரத்தனமானது. பாலத்தையே எடை மேடையாக்குவது. அமெரிக்கப் பொறியாளர் ஃப்ரெட் மோசஸ் 1979-இல் இதை முன்வைத்தார். எடை தெரிந்த லாரியை ஒருமுறை ஓட்டி, ஒரு டன் எந்த இடத்தில் நின்றால் கர்டர் எவ்வளவு வளையும் என்ற வளைகோட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு வரும் ஒவ்வொரு லாரியின் திரிபு வரைபடத்தையும் அந்த வளைகோட்டால் பிரித்தால் அச்சுக்கு அச்சு எடை வந்துவிடும். வண்டி நிற்கவும் வேண்டாம், தான் எடை போடப்படுவது டிரைவருக்குத் தெரியவும் தெரியாது. இரண்டு லாரிகள் ஒட்டி ஓடினால் கணக்கு குழம்பும்; சாலை குண்டும் குழியுமாக இருந்தாலும் குழம்பும். ஆனாலும் ஒரு மாதத்தில் எந்த ரக லாரி எத்தனை, அதில் எத்தனை அதிக பாரம் என்ற படம் தெளிவாகக் கிடைக்கும். அந்தப் படம் இல்லாத கண்காணிப்பு, நோயாளி என்ன சாப்பிட்டார் என்று கேட்காமல் சர்க்கரை அளவு பார்ப்பது மாதிரி.

சட்டப்படி லாரி எவ்வளவு ஏற்றலாம்? பாலம் அதற்குத் தாங்குமா?

2018-இல் மத்திய அரசு அச்சுச் சுமை வரம்பை உயர்த்தியது. நான்கு டயர் உள்ள ஒற்றை அச்சுக்கு 10.2 டன்னாக இருந்தது 11.5 டன் ஆனது. மூன்று அச்சு லாரியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன்னுக்கும், உச்சவரம்பு 49-லிருந்து 55 டன்னுக்கும் போனது. மீறினால் 2019 திருத்தச் சட்டப்படி 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய்.

பாலங்களின் பக்கம் வருவோம். ஐ.ஆர்.சி.யின் 'ஏ' வகுப்பு வண்டித் தொடர் மொத்தம் 55.4 டன், அதில் கனமான அச்சு 11.4 டன். எழுபது-ஆர் எனப்படும் இன்னொரு வகுப்பின் சக்கர வண்டி 100 டன். வடிவமைப்பில் இவற்றுக்கு மேல் பாதுகாப்புக் காரணிகளும் உண்டு. ஆகவே சட்டப்படி ஓடும் லாரிக்கு நல்ல நிலையில் உள்ள பாலம் தாங்கும். ஆனால் பழைய வடிவமைப்புக் காகிதத்தில் இருந்த கனமான அச்சும் இன்று சாலையில் தினமும் ஓடும் சட்டப்படியான அச்சும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டன. எப்போதாவது வரும் என்று நினைத்தது நிமிடத்துக்கு நிமிடம் வருகிறது.

ஓவர்லோடு கொஞ்சம்தானே, அதனால் என்ன ஆகிவிடும்?

எஃகுப் பாலத்தின் வெல்டிங்குகளில் சேதம் எடையின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. 20 சதவீதம் கூடுதல் எடை என்றால் 1.2-ஐ மூன்று முறை பெருக்குங்கள்: 1.73. அதாவது 20 சதவீத ஓவர்லோடு 73 சதவீதக் கூடுதல் களைப்பை (திரும்பத் திரும்பப் பாரம் ஏறி இறங்குவதால் எஃகில் சேரும் சேதம்) தருகிறது. 28.5 டன் அனுமதியுள்ள லாரியில் 43 டன் இருந்தால், ஒரு லாரி போனதில்லை, ஏறக்குறைய மூன்றரை லாரி போன சேதம். வாடகை ஒரு லாரிக்குத்தான் வாங்கியிருப்பார்கள்.

பிரிஸ்ட்ரெஸ் கான்கிரீட்டில் கதை வேறு. விரிசல் விடாதவரை உள்ளே இருக்கும் கம்பிக்கு லாரி போவதே அவ்வளவாகத் தெரியாது. ஒருமுறை அளவுக்கு மீறிய பாரம் ஏறி விரிசல் திறந்துவிட்டால், அப்புறம் ஒவ்வொரு சாதாரண லாரிக்கும் அது திறந்து மூடும். ஈரமும் உள்ளே போகும்.

அப்படியானால் பாலங்கள் விழுவது ஓவர்லோடால்தானா?

இந்தியாவில் பெரும்பாலும் இல்லை. 1977 முதல் 2017 வரை இந்தியாவில் விழுந்த 2,130 பாலங்களைத் தொகுத்த ஓர் ஆய்வில், 80 சதவீதத்துக்குக் காரணம் வெள்ளம் போன்ற இயற்கைச் சீற்றங்கள். கட்டுமானப் பொருள் சீர்கெட்டது சுமார் 10 சதவீதம். அதிக பாரம் 3 சதவீதத்தைச் சற்றே தாண்டுகிறது. 2018 ஆகஸ்டில் திருச்சி கொள்ளிடத்துப் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சாய்ந்தபோது அதன் மேல் லாரியே கிடையாது. தண்ணீர்தான் அடி மண்ணை அரித்தது. ஆற்றுப் பாலத்துக்கு ஒரே ஒரு கருவிக்குத்தான் காசு இருக்கிறது என்றால், கர்டரில் எதையும் ஒட்டாமல் தூணடி மண் அரிப்பை அளக்கப் பொருத்துங்கள் என்றுதான் சொல்வேன்.

ஆனால் லாரி நேரடியாகச் சாய்த்த பாலங்களும் உண்டு. 2019 நவம்பர் 18-இல் பிரான்சின் மிர்புவா-சுர்-தார்ன் ஊரில், 1931-இல் கட்டிய தொங்கு பாலத்தில் 50 டன்னுக்கு மேற்பட்ட ஒரு லாரி ஏறியது. அங்கே அனுமதி 19 டன். ஒரு பதினைந்து வயதுப் பெண்ணும் லாரி டிரைவரும் இறந்தார்கள். அதற்கு ஒரு மாதம் முன்பு, அக்டோபர் 10-இல், சீனாவின் ஊஷி நகரில் அதிக பாரம் ஏற்றிய லாரிகள் ஒரு மேம்பாலத்தின் ஓரமாக ஓடியபோது பாலம் அப்படியே பக்கவாட்டில் கவிழ்ந்தது; மூன்று பேர் இறந்தார்கள். ஒற்றைத் தூண் மேல் உட்கார்ந்த பாலம் அது. ஒரு பக்கம் பாரம் கூடியதும் தட்டு போலச் சாய்ந்துவிட்டது.

இந்த இரண்டிலும் கண்காணிப்புக் கருவி எதையும் காப்பாற்றியிருக்காது. எல்லாம் நொடிகளில் முடிந்தது. இங்கே தேவைப்பட்டது பாலத்துக்கு முன்னால் ஒரு எடை மேடையும் ஒரு தடுப்பும்.

சென்சார் வைத்து ஆராய்ந்த பிறகும் விழுந்த பாலம் உண்டா?

உண்டு. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில், மிசிசிப்பி ஆற்றின் மேல் இருந்த ஐ-35 டபிள்யூ பாலம்.

அந்த எஃகுப் பாலத்தில் எல்லோருக்கும் இருந்த கவலை களைப்பு விரிசல். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தார் ஸ்ட்ரெய்ன் கேஜ் ஒட்டி, எடை தெரிந்த லாரிகளை ஓட்டி, முதன்மைச் சட்டகத்தில் களைப்பு விரிசல் வர வாய்ப்பில்லை என்று 2001-இல் அறிக்கை கொடுத்தார்கள். 2007 ஆகஸ்ட் 1 மாலை பாலம் ஆற்றில் விழுந்தது. 13 பேர் இறந்தார்கள்.

அறிக்கை தப்பா என்றால், இல்லை. பாலம் களைப்பால் விழவில்லை. சட்டங்களை இணைக்கும் கஸெட் தகடுகள் சில, 1960-களின் வடிவமைப்பிலேயே இருக்க வேண்டிய கனத்தில் பாதிதான் இருந்தன. பிறகு வந்த ஆண்டுகளில் தளத்தின் கனம் கூடியது. அன்றைக்குச் சாலைப் பணிக்காக மணலையும் ஜல்லியையும் வண்டிகளையும் சரியாக அந்தப் பலவீனமான இடத்தின் மேல் குவித்து வைத்திருந்தார்கள். அந்தத் தகடுகளில் சில வளைந்திருந்தது 2003-இல் எடுத்த புகைப்படங்களில் தெரிகிறது. ஆனால் தகட்டைப் பற்றி யாரும் கேள்வி கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு எந்த சென்சாரும் பதில் சொல்லாது. அதே இடத்தில் 2008 செப்டம்பரில் திறந்த புதிய பாலத்தில் 300-க்கும் மேற்பட்ட சென்சார்கள் இருக்கின்றன.

சென்சார் வந்துவிட்டால் ஆள் போய்ப் பார்ப்பது தேவையில்லையா?

தேவை. 1967 டிசம்பர் 15-இல் மேற்கு வர்ஜீனியாவின் சில்வர் பாலம் விழுந்து 46 பேர் இறந்தது, ஒரு கண்ணிச் சட்டத்தில் (பாலத்தைத் தாங்கும் சங்கிலியில், முனையில் துளையுள்ள எஃகுப் பட்டை) இருந்த இரண்டரை மில்லிமீட்டர் ஆழ விரிசலால். அதன் பிறகுதான் அமெரிக்காவில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பாலத்தை ஆய்வு செய்யும் விதி வந்தது. விரிசல் எங்கே வரும் என்று முன்கூட்டித் தெரிந்தால்தான் அங்கே சென்சார் ஒட்ட முடியும். மனிதக் கண்ணுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

கண்ணும் ஏமாற்றும் என்பதையும் சொல்ல வேண்டும். மெம்ஃபிஸ் நகரில் ஐ-40 நெடுஞ்சாலைப் பாலத்தில், ஒரு பிரதான எஃகுச் சட்டம் ஏறக்குறைய இரண்டாகப் பிளந்திருந்ததை 2021 மே 11-இல் பார்த்து உடனே மூடினார்கள். அப்புறம் தேடினால், 2016-இல் கீழே படகில் போன ஒருவர் எடுத்த படத்திலேயே அந்த விரிசல் இருந்தது. இடையில் வருடா வருடம் ஆய்வு நடந்திருக்கிறது.

எல்லாப் பாலத்துக்கும் பொருத்திவிடலாமே?

வேண்டாம். பல பாலங்களுக்கு ஒரு நல்ல ஆய்வும் ஒரு சுமைச் சோதனையும் போதும். சோதனையில் பாரத்தை ஏற்றி 24 மணி நேரம் வைத்து, பிறகு இறக்கி, பாலம் எவ்வளவு நிமிர்கிறது என்று பார்ப்பார்கள். ஐ.ஆர்.சி. வழிகாட்டுதல்படி அடுத்த 24 மணி நேரத்துக்குள் சாதாரண கம்பிக் கான்கிரீட் 75 சதவீதமும் பிரிஸ்ட்ரெஸ் கான்கிரீட் 85 சதவீதமும் மீள வேண்டும். நிரந்தரக் கண்காணிப்பு, சந்தேகம் உள்ள பாலத்துக்கும் மாற்றுவழியே இல்லாத பெரிய பாலத்துக்கும்தான்.

தரவின் அளவையும் யோசியுங்கள். 50 சென்சார்கள், நொடிக்கு 100 அளவீடு என்றால் ஒரு நாளைக்கு 43 கோடி எண்கள். அதைப் பார்க்க ஆள் வைக்காமல் கருவி மட்டும் வாங்கினால் வன்தட்டு நிரம்பும், அவ்வளவுதான்.

இந்தக் கருவிகள் எத்தனை வருஷம் உழைக்கும்?

பாலம் உழைக்கும் அளவுக்கு உழைக்காது. ஸ்ட்ரெய்ன் கேஜின் பசை ஈரத்தில் விட்டுப்போகும், கேபிளை எலி கடிக்கும், இடி விழுந்து பெட்டி கருகும், சோலார் தகட்டையும் பேட்டரியையும் யாராவது கழற்றிக்கொண்டு போவார்கள். டெண்டரில் பராமரிப்பு என்ற வரி இல்லையென்றால் மூன்றாம் வருடத்தில் பாதி சென்சார் ஊமையாகிவிடும்.

செல்போனாலேயே அளக்கலாம் என்கிறார்களே?

ஓரளவு உண்மை. சான் ஃபிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தைக் கடந்த கார்களில் இருந்த செல்போன்களின் அதிர்வுப் பதிவை வைத்தே பாலத்தின் அதிர்வெண்களைக் கணித்து 2022-இல் ஆய்வு வெளிவந்தது. மலிவான முதல் சல்லடையாக நல்லது. இசட்-24 பாலத்தில் பார்த்த வெப்பநிலைத் தொல்லை இதற்கும் உண்டு.

எச்சரிக்கை மணி அடித்துவிட்டது. பாலத்தை யார் மூடுவது?

கருவி வாங்கும் முன்பே முடிவு செய்ய வேண்டியது இது. எந்த அளவைத் தாண்டினால் வேகத்தைக் குறைப்பது, எதைத் தாண்டினால் லாரியை நிறுத்துவது, எதைத் தாண்டினால் முழுதும் மூடுவது, அந்த உத்தரவில் யார் கையெழுத்திடுவது? நள்ளிரவு இரண்டு மணிக்கு மேலதிகாரியை எழுப்பிக் கேட்க வேண்டிய நிலை இருந்தால் அந்த ஏற்பாடு வேலை செய்யாது.

ஜெர்மனியில் லுடன்ஷைட் அருகே ராமடே பாலத்தின் எஃகு நெளிந்திருப்பது லேசர் அளவீட்டில் தெரிந்ததும், 2021 டிசம்பர் 2-இல் பாலத்தை மூடினார்கள். மறுபடி திறக்கவே இல்லை. 2023 மே மாதம் வெடிவைத்துத் தகர்த்தார்கள். லாரிகளெல்லாம் அந்தச் சின்ன ஊருக்குள் திரும்பிவிடப்பட்டு ஊர்க்காரர்கள் பட்ட பாடு பெரிது. பாலம் விழவில்லை, யாரும் சாகவில்லை. ஆகவே, அவசரப்பட்டு மூடிவிட்டார்கள் என்று திட்டுவதற்கு ஆள் கிடைத்தார்கள். லெவர்குசன் அருகே ரைன் நதிப் பாலத்தில் 3.5 டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளை 2014-இல் தடை செய்தார்கள். பலகையை யாரும் மதிக்காததால் 2016-இல் தானாக எடை பார்த்துத் தடுக்கும் கதவுகளே வைக்க வேண்டியதாயிற்று.

நம் பக்கம் குஜராத்தில் மஹிசாகர் ஆற்றின் மேல் 1985-இல் கட்டிய கம்பீரா பாலம், 2025 ஜூலை 9 காலை வண்டிகளோடு விழுந்தது. 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பாலத்தின் கண்களைத் தாங்கும் பீடமும் இணைப்புப் பகுதியும் நொறுங்கியதுதான் காரணம் என்று மாநில அரசு சொன்னது. ஒரு டேங்கர் லாரி பல நாள் உடைந்த விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்ததைப் படங்களில் பார்த்திருப்பீர்கள்.

தினமும் பாலத்தில் போகிற நான் என்ன கவனிக்கலாம்?

இணைப்பு இடைவெளி திடீரென்று அகன்றிருந்தால், கைப்பிடிச் சுவரின் நேர்கோடு ஓரிடத்தில் முறிந்தோ தொய்ந்தோ தெரிந்தால், தளத்தில் ஓட்டை வழியாகக் கீழே தண்ணீர் தெரிந்தால், ஆற்று மணல் இறங்கித் தூணின் அடி புதிதாக வெளியே தெரிந்தால் சொல்லுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் எண் 1033. "அந்தப் பெரிய பாலம்" என்று சொல்லாமல், பக்கத்துக் கிலோமீட்டர் கல்லின் எண்ணையும் எந்த ஊரை நோக்கிப் போகும் பக்கம் என்பதையும் சொல்லுங்கள். கீழே இறங்கிப் படம் எடுக்கிறேன் என்று நெடுஞ்சாலையில் வண்டியை ஓரங்கட்டாதீர்கள்.